பந்துக்காரன் அவுட் ஆக மாட்டான்

காலையில் ஆட்களுக்குப் பேர் போடுகிற எங்கள் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் கிரிக்கெட்டுக்கு நாலு சட்டம். தேயிலைக்குள் பந்து போனால் ரெண்டு ஓட்டம், ஓட வேண்டாம். ஸ்டோர் தகரத்தில் டமார் என்று பட்டால் நாலு. பீலிக்குக் கீழே உருண்டால் அவுட், அடித்தவனே இறங்கிப் போய் எடுத்துவர வேண்டும். நாலாவது சட்டத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, மீறியதும் இல்லை. பந்துக்காரன் அவுட் ஆக மாட்டான்.

பந்துக்காரன் என்றால் கிளாக்கரய்யாவின் மகன். பதுளை டவுனில் வாங்கிய டெனிஸ் பந்து அவன் காற்சட்டைப் பையில் புடைத்துக்கொண்டு நிற்கும். மூன்று கட்டையும் பறந்தாலும் ஆள் அசையமாட்டான். “காத்துல விழுந்துச்சு” என்பான். ஹப்புத்தளைப் பக்கமிருந்து கச்சான் அடிக்கிற ஆடி, ஆவணி என்றால் நாங்களும் பாதி நம்புவோம். இலைகூட அசையாத மாசியிலும் அதையேதான் சொல்வான். “சரி, ஆடு” என்று விட்டுவிடுவோம். வேறென்ன செய்ய? பந்து பைக்குள் போனால் பையும் வீட்டுக்குப் போய்விடும்.

இத்தனை வருஷம் கழித்து, அவனுக்கு ஒரு பாட்டன் இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டேன். வெள்ளைக்காரப் பாட்டன்! ஆறடிக்கு மேல் உயரம், நெஞ்சை மூடும் தாடி, தொழில் வைத்தியம். பெயர் வில்லியம் கில்பர்ட் கிரேஸ். 1848இல் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் டவுனெண்ட் என்ற ஊரில் பிறந்து, 1865 முதல் 1908 வரை முதல்தரக் கிரிக்கெட் ஆடி, 54,000 ஓட்டங்களுக்கு மேல் குவித்து, 2,800க்கு மேல் விக்கெட்டும் எடுத்த மனிதர். இந்தக் கணக்கையெல்லாம் எந்தப் பழைய புத்தகத்திலும் பார்க்கலாம். எனக்கு அந்தப் பக்கம் ஆசை இல்லை. ஆட்டக்காரர்கள் உடுப்பு மாற்றுகிற அறை இருக்கிறதே, அதன் கதவிடுக்கு, அங்கேதான் என் கண்.

கதவிடுக்கில் பார்க்கிற பழக்கம் பரம்பரைப் பழக்கம். என் தாத்தா துரைமார் கிளப்பில் வேலை பார்த்தவர். பிலியட் மேசையைத் துடைப்பார், சோடாப் போத்தல் உடைப்பார், டெனிஸ் கோட்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவார். துரைமார் எல்லாம் கப்பலேறிப் போனபின் ஒருநாள் என்னைப் பின்வாசல் வழியாக உள்ளே கூட்டிப்போனார். செத்த மானின் தலை, கறையான் பிடித்த அலமாரி, பழைய விஸ்கி மணம். சுவரில் ஒரு தாடிக்காரர், தலையில் சின்னத் தொப்பி, கையில் மட்டை. “யாரு தாத்தா?” “தாடித் தொரை. எந்தத் தோட்டமோ தெரியல.”

எந்தத் தோட்டமும் இல்லை! ஆனால் தாத்தாவைக் குறை சொல்ல முடியாது. அந்த நிற்பைப் பார்த்தால் பெரிய துரை பெரட்டுக்கு வந்து நிற்பது போலத்தான் இருக்கும்.

முதல் இடுக்கு, கிரேஸ் வீட்டுத் தோட்டம். பழமரங்களுக்கு நடுவே ஒரு ஆடுகளம். அப்பா டொக்டர், மாமன் ஆல்பிரட் போகொக் பயிற்சியாளர், அண்ணன் தம்பிமார் பந்து போட, வீட்டு நாய்கள் பந்து பொறுக்க! மரத்துக்குப் பின்னால் போன பந்தை நாய்தான் கவ்விக்கொண்டு வரும். எங்கள் களத்திலும் நாய்கள் இருந்தன. ஆனால் அவை கவ்விய பந்து திரும்பி வந்த சரித்திரம் இல்லை.

இந்தக் குடும்பத்தில் உண்மையான தேர்வாளர் அம்மா மார்த்தா. அகில இங்கிலாந்து அணித் தலைவராக இருந்த ஜோர்ஜ் பாருக்கு அவர் எழுதிய கடிதம் பிரசித்தம். ஒரு மகன் எட்வர்டை அணியில் சேர்க்கச் சொல்லிவிட்டு, வீட்டில் சின்னவன் ஒருவன் இருக்கிறான், பின்காலில் ஆடுவதில் அவன் இன்னும் கெட்டி என்று வால் ஒட்டியிருந்தார். பிள்ளைக்காகப் பெரிய கங்காணியிடம் போய் நிற்கிற நம்மூர்த் தாய்மாரை நினைத்துக்கொண்டேன், வித்தியாசமே தெரியவில்லை. 1884இல் மார்த்தா இறந்த தந்தி வந்தபோது மகன்கள் மஞ்செஸ்டரில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். ஒரு தாய்க்காக ஒரு முதல்தர ஆட்டம் நின்றது.

எட்வர்ட், வில்லியம், பிரெட் என்று பிள்ளைகளில் மூவர் ஒரே டெஸ்டில் ஆடியது 1880 செப்டெம்பரில், லண்டன் ஓவலில். இங்கிலாந்து மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் அதுதான். வில்லியம் 152 அடித்தார். தம்பி பிரெட் இரண்டு இன்னிங்ஸிலும் முட்டை. முட்டையோடு, வானத்துக்குப் போன ஒரு பந்தை ஓடிப்போய்ப் பிடித்துப் பெயரும் வாங்கினார். இரண்டு வாரத்தில் நெஞ்சுச்சளி முற்றி இறந்துபோனார், வயது 29. பிரெட்டைப் பற்றி இவ்வளவுதான் எழுதுகிறார்கள், ஒரு சதத்துக்குக் கீழே ஒரு வரி.

சதம் என்றதும் நிறுத்த வேண்டியிருக்கிறது. அண்ணனுக்குச் சதம் என்றால் நூறு ஓட்டம், தன் கணக்கில் நூற்றிருபதுக்கு மேல் வைத்திருந்தார். எங்கள் பாட்டன்மாருக்குச் சதம் என்றால் ரூபாயில் நூறில் ஒன்று. இந்த இரண்டு சதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலை ஒன்று இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள். முதலில் கூத்துகள்.

பதினெட்டு வயதில், 1866இல், ஓவலில் சரே அணிக்கு எதிராக 224 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். அந்த ஆட்டம் முடியுமுன்பே தலைவரிடம் லீவு கேட்டுக்கொண்டு கிரிஸ்டல் பலஸுக்கு ஓடினார். எதற்கு? தடைதாண்டி ஓட்டப் பந்தயத்துக்கு. அதிலும் முதலாவது. பெரட்டில் பேர் போட்டுவிட்டு நைசாகப் பசறைச் சந்தைக்குப் போய் வருகிற ஆட்கள் நம்மிடமும் உண்டு, ஆனால் கையில் கோப்பையோடு திரும்பி வந்தவரைக் கண்டதில்லை.

அடுத்தது 1878 ஜூன். இதைப் படித்தபோது உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன். பில்லி மிட்வின்டர் என்பவர் குளோஸ்டர்ஷயரில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். லோர்ட்ஸ் மைதானத்தில் அவுஸ்திரேலிய அணிக்காகக் காற்பட்டி கட்டிக்கொண்டு துடுப்பெடுத்தாடத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். நகரத்தின் மறுபக்கத்தில், ஓவலில், கிரேஸின் அணியான குளோஸ்டர்ஷயருக்கு ஓர் ஆள் குறைகிறது. கிரேஸ் குதிரை வண்டி பிடித்தார், லோர்ட்ஸுக்குள் நுழைந்தார், மிட்வின்டரைத் தள்ளிக்கொண்டு வந்து வண்டியில் ஏற்றினார், விட்டார் வண்டியை! அவுஸ்திரேலியர்கள் இன்னொரு வண்டியில் துரத்த, ஓவல் வாசலில் ஒரே சத்தம், திட்டு, தள்ளுமுள்ளு. கடைசியில் மிட்வின்டர் குளோஸ்டர்ஷயருக்கே ஆடினார். ஒரு தோட்டத்து ஆளை இன்னொரு தோட்டத்துக் கங்காணி ராவோடு ராவாகக் கடத்திக்கொண்டு போகிற ‘ஆள் கடத்தல்’ கதைகளைத் தாத்தா சொல்லியிருக்கிறார். லண்டன் நடுவில், பட்டப்பகலில், தொப்பி போட்ட கனவான்கள் அதே வேலையைச் செய்திருக்கிறார்கள்!

இந்தக் கிரேஸ் தொழிலால் ஒரு டொக்டர் என்பதை மறந்துவிடக்கூடாது. 1868இல் படிக்கச் சேர்ந்தவர் 1879இல்தான் டொக்டரானார். பதினொரு வருஷம்! கோடை வந்தால் மட்டை, குளிர் வந்தால் புத்தகம். தொழில் தொடங்கிய பிறகும் கோடையில் நோயாளிகளைப் பார்க்கக் கூலிக்கு வேறு டொக்டர். ஆனால் கைராசி இருந்திருக்கிறது. 1887இல் மஞ்செஸ்டரில் சக வீரர் குரூம் எல்லைக் கம்பிவேலியில் போய் மோதி, கம்பி முனை கழுத்தைக் கிழித்துவிட்டது. தைக்க ஊசி தேடி ஆட்கள் ஓட, கிழிந்த சதையை இரு விரலால் இறுக்கிப் பிடித்தபடி கிரேஸ் அரைமணி நேரம் ஆடாமல் அசையாமல் இருந்தார். குரூம் பிழைத்தார். அவர் வாழ்க்கையில் அடித்த எந்த 300ஐயும் விட இந்த அரைமணி நேரத்தைத்தான் நான் பெரிதாக வைப்பேன். அந்த 300களும் லேசுப்பட்டவை இல்லைதான். 1876 ஆகஸ்டில் அடுத்தடுத்து மூன்று இன்னிங்ஸில் 344, 177, ஆட்டமிழக்காமல் 318. மொத்தம் 839. ஒரு வாரத்துக்கு ஒருநாள் கூட!

அதுவும் எந்தக் களத்தில்? இன்று தொலைக்காட்சியில் பார்க்கிற பாய் விரித்த களமா? லோர்ட்ஸில் புல்லைக் குறைக்க அப்போது செம்மறியாடுகளை மேயவிட்டார்கள். கல் கிடக்கும், பந்து முகத்துக்கு வரும். 1870இல் அங்கே தலையில் அடிபட்ட ஜோர்ஜ் சமர்ஸ் சில நாளில் இறந்தே போனார். எங்கள் பெரட்டுக் களத்துக்கும் லோர்ட்ஸுக்கும் அந்தக் காலத்தில் பெரிய தூரம் இல்லை என்று எண்ணி நான் ஒரு சுற்றுச் சுற்றிக் குதித்ததை மறைக்க விரும்பவில்லை.

இனி, பந்துக்காரன் வேலை.

1882 ஆகஸ்ட் 29, ஓவல். அவுஸ்திரேலிய இளைஞர் சமி ஜோன்ஸ் ஓட்டம் முடிந்தது என்று நினைத்து, களத்தில் எழும்பிய மண்ணை மட்டையால் தட்டப் போனார். பந்து கிரேஸ் கையில். மெல்லப் போய்க் கட்டையைத் தட்டிவிட்டு அவுட் கேட்டார். சட்டப்படி அவுட்தான். ஆனால் இப்படிச் செய்யலாமா? எங்கள் களத்தில் செய்திருந்தால் அன்றைக்கு அடிபிடிதான். அவுஸ்திரேலியருக்கு வந்த ஆத்திரம் அத்தனையும் ஸ்பொபொர்த் என்ற வேகப்பந்து வீச்சாளரின் கைக்குள் போனது. இங்கிலாந்துக்குத் தேவைப்பட்டது 85. எடுத்தது 77. அதில் 32 கிரேஸ் அடித்தது. ஸ்பொபொர்த் அந்த ஆட்டத்தில் மட்டும் 90 ஓட்டங்களுக்கு 14 விக்கெட். நாலு நாளில் லண்டன் பத்திரிகை ஒன்று, இங்கிலாந்துக் கிரிக்கெட் செத்தது, அதன் சாம்பல் அவுஸ்திரேலியாவுக்குப் போகிறது என்று கேலியாக மரண அறிவித்தல் போட்டது. ‘ஆஷஸ்’ பிறந்த கதை.

நம் தீவு இந்த இடத்தில் மேடையேறுகிறது! சாம்பலை மீட்கப் புறப்பட்ட ஐவோ பிளையின் அணி ‘பெஷாவர்’ கப்பலில் வந்து 1882 ஒக்டோபரில் கொழும்பில் இறங்கியது. இலங்கையில் ஆடிய முதல் இங்கிலாந்து அணி. வந்த அணியில் 11 பேர், எதிரே கொழும்பில் இறங்கியது 18 பேர்! அந்தக் காலத்து வழக்கம் அப்படி. உள்ளூர்க்காரர் 18 பேர், 22 பேர் என்று களம் நிறைய நிற்பார்கள். பந்து போக இடமிருக்காது. ஆட்டம் முடிந்து கப்பல் கொழும்பைவிட்டுக் கிளம்பியதும் ‘கிளென்ரோய்’ என்ற இன்னொரு கப்பலோடு மோதியது. வேகப்பந்து வீச்சாளர் பிரெட் மோர்லியின் விலா எலும்பு நொறுங்கியது. அவர் சம்பளத்துக்கு ஆடியவர். அந்த உடம்போடே அவுஸ்திரேலியாவில் பந்து போட்டார். இரண்டு வருஷத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கிரேஸ் அந்தக் கப்பலில் இல்லை. அவர் வந்தது 1891 ஒக்டோபரில், அவுஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில், ஷெபீல்ட் பிரபு கூட்டிவந்த அணியின் தலைவராக. ‘ஆர்கேடியா’ கப்பல் கொழும்பில் நிற்க, இறங்கி ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போனார். நாற்பத்து மூன்று வயது. தொந்தி விழுந்துவிட்டது. தாடியில் நரை. இன்னொரு ரகசியம்: அவ்வளவு பெரிய உடம்புக்குக் குரல் கீச்சுக் குரல்! துறைமுகத்தில் வாய் திறந்தபோது கேட்டவர்கள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

எங்கள் ஊவாத் துரைமார் என்ன பாடுபட்டிருப்பார்கள்! ஊவா தனி மாகாணமாகி ஐந்தே வருஷம். கோப்பி நோயில் செத்து, அந்த மலைகளில் தேயிலை ஏறிக்கொண்டிருந்த நேரம். முந்தின வருஷம்தான் லிப்டன் வந்து தம்பேதன்னைப் பக்கம் தோட்டங்களை வாங்கியிருந்தார். ரயில் நானுஓயாவோடு சரி. ஹப்புத்தளைக்கு வந்தது 1893இல், பதுளைக்கு வந்ததோ 1924இல். ஆகவே தாடித் துரையைப் பார்க்க ஆசைப்பட்ட பதுளைத் துரை வெலிமடைப் பக்கம் ஏறி, நுவரெலியாவைக் கடந்து, நானுஓயாவில் ரயில் பிடித்திருக்க வேண்டும். திம்புளைக்காரர்களுக்கு 1856 முதலே கிளப் இருந்தது, டிக்கோயாக்காரர்களுக்கு 1868 முதல். ரயிலும் அவர்கள் காலடியில். எங்கள் பக்கத்துத் துரைமாருக்கு வயிறு எரிந்திருக்காதா? பெயர் தெரியாத ஒரு சின்னத் துரை, குதிரை மேல், மழையில், தேயிலைச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெலிமடை ஏற்றத்தில் போவதாக நானே ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறேன். ஆள் போனாரா இல்லையா என்று கேட்காதீர்கள்.

இப்போது அந்த இரண்டு சதத்துக்கு வருவோம்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆட்டக்காரர் இரு சாதி. காசு வாங்காமல் ஆடும் கனவான், அதாவது அமெச்சூர். கூலிக்கு ஆடும் தொழில்முறையாளர். உடுப்பு மாற்ற வேறு வேறு அறை. மைதானத்துக்குள் வர வேறு வேறு வாசல். கப்பலில் வேறு வேறு வகுப்பு. ஓட்ட அட்டையில் பெயர் அச்சிடுவதில்கூடக் கனவானுக்கு முதலெழுத்துகளும் மரியாதையும், கூலிக்காரருக்கு வெறும் பெயர். தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் எங்கள் ஆட்களுக்குப் பேர் எழுதின மாதிரி!

கிரேஸ் எந்த வாசலால் வந்தார்? கனவான் வாசலால். காசு வாங்காதவர். சரி, அந்தக் காசு வாங்காதவர் 1891 பயணத்துக்கு வாங்கியது எவ்வளவு? 3,000 பவுண். பெண்சாதி ஆக்னஸுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பயணச் செலவு தனி. கூட ஆடிய தொழில்முறையாளருக்கு ஆளுக்கு 300 பவுண். கூலிக்காரனுக்கு 300, கூலி வாங்காதவருக்கு 3,000! எழுதும்போதே கை சிரிக்கிறது.

தாத்தாவின் கணக்குப் புத்தியோடு பார்த்தேன். அன்றைய மாற்றுக்கு 3,000 பவுண் என்றால் 40,000 ரூபாய்க்கு மேல். அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஆண் ஆளின் நாட்கூலி முப்பது சதத்தை ஒட்டியே இருந்தது. வருஷத்துக்கு 300 நாள் பேர் போட்டாலும் அந்தப் பணத்தைச் சம்பாதிக்க ஓர் ஆளுக்கு 400 வருஷம் போதாது. நானூறு வருஷம் பெரட்டுக்குப் போக வேண்டும், ஒருநாள் காய்ச்சல் இல்லாமல், ஒரு சதம் கடைக்குக் கொடுக்காமல். கங்காணியின் துண்டுக் கடனை நான் இதில் சேர்க்கவே இல்லை.

அந்த அவுஸ்திரேலியப் பயணத்தில் இங்கிலாந்து தோற்றது, மூன்று டெஸ்டில் ஒன்றுதான் வென்றது. ஷெபீல்ட் பிரபுவுக்குக் கைநட்டம். அப்படியும் மனிதர் போகும்போது 150 பவுணை அவுஸ்திரேலியக் கிரிக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் செய்ததுதான் இன்றைக்கும் அங்கே மாநிலங்கள் மோதிக்கொள்ளும் ஷெபீல்ட் கேடயம்.

கிரேஸ் மீது எனக்குக் கோபமா? வரமாட்டேன் என்கிறதே! இங்கிலாந்தில், கிரேஸ் ஆடினால் நுழைவுக் கட்டணம் இரட்டிப்பு என்று வாசலில் எழுதிப்போட்டதாகக் கதை உண்டு. பந்து அவருடையது, ஆட்டம் அவருடையது, கூட்டம் அவருடையது. கட்டை விழுந்தபோது திரும்ப எடுத்து வைத்துவிட்டுக் காற்றின் மேல் பழி போட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, படித்தபோது கிளாக்கரய்யா மகன் கண்முன் வந்து நின்றான்.

ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். கொழும்பில் அந்த வெள்ளைக்காரர்கள் ஆடிக்கொண்டிருந்தபோது கப்பலுக்குக் கரி ஏற்றியது யார்? மலையை வெட்டி மட்டம் பண்ணி, கிளப்புக்குக் களம் போட்டு, கல் உருளையை இழுத்தது யார்? “முன்னால நாலு பேரு இழுப்போம், பின்னால ரெண்டு பேரு புடிச்சுக்குவோம், இல்லாட்டி உருளை நம்மளையே உருட்டிரும்” என்பார் தாத்தா. சனிக்கிழமை ஆட்டத்துக்கு வியாழனே தொடங்கவேண்டும். பள்ளத்தில் விழுந்த பந்தைத் தேட இரண்டு பொடியன்மாரைத் தேயிலைக்குள் நிறுத்துவார்களாம். பந்து கிடைக்காவிட்டால் அன்றைக்குப் பேர் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. ஆகவே பொடியன்மார் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். போன வாரம் தொலைந்த பந்தைக் கண்டெடுத்து, செடிக்கடியில் புதைத்து வைத்திருப்பார்கள். இந்த வாரம் தொலைந்தால் அதைத் தோண்டிக் கொடுப்பது. புதிய பந்து திடீரென்று பழையதாகிவிட்டதைப் பார்த்துத் துரைமார் முழித்த கதையைச் சொல்லிச் சொல்லித் தாத்தா கண்ணில் நீர் வரச் சிரிப்பார். ஊவாவின் முதல் ‘ரிவர்ஸ் ஸ்விங்’ அங்கேதான் தொடங்கியிருக்கும் என்பது என் தாழ்மையான கருத்து.

எல்லாத் துரைமாரும் கதவை அடைத்துக்கொண்டு ஆடினார்கள் என்று சொன்னால் பாவம். யோர்க்ஷயருக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஆடிய ஆஷ்லி வோக்கர் கொழும்புக்கு வந்து, இன்று ரோயல் கல்லூரி என்று பெயர் பெற்ற கொழும்பு அகடமியில் ஆசிரியராகி, இந்நாட்டுப் பொடியன்மார் கையில் மட்டையைக் கொடுத்தார். 1879இல் அகடமிக்கும் சென் தோமஸுக்கும் நடந்த முதல் ஆட்டத்தில் ஆசிரியர்மாரும் சேர்ந்து ஆடினார்கள். அந்த ரோயல் - தோமியன் இன்றைக்கும் நடக்கிறது. பெரட்டுக் களத்துக்கு அப்படி ஒருவரும் வரவில்லை. நாங்கள் பார்த்துப் பழகியது வேலிக்கு வெளியே நின்றுதான். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து 1920இல் வந்த ஒருவரின் பேரன் முத்தையா முரளிதரன் 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டை எடுத்த அன்று எங்கள் லயத்தில் வெடி போட்டதை இங்கே சொல்லாவிட்டால் கை ஓயாது. சொல்லிவிட்டேன், மேலே போவோம்.

பந்துக்காரருக்கும் ஒருநாள் மாலையாகும். ஆனால் கிரேஸின் மாலை எவ்வளவு நீளம்! நாற்பத்தாறு வயதில், 1895 மே மாதம் ஒன்றில் மட்டும் 1,000 ஓட்டங்கள், அதற்குள்ளேயே தன் நூறாவது சதம். நாடே உண்டியல் குலுக்கி 9,000 பவுணுக்கு மேல் சேர்த்துக் கொடுத்தது, அமெச்சூருக்கு! அடுத்த வருஷம் அவர் தலைமையில் மஞ்செஸ்டரில் ரஞ்சித்சிங்ஜி என்ற இந்தியர் முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 154 அடித்தார். 1899 ஜூனில், ஐம்பது வயது தாண்டி, ட்ரென்ட் பிரிட்ஜில் கடைசி டெஸ்ட். மட்டை பிடிக்க முடிந்தது. குனிந்து பந்து பொறுக்கத்தான் முடியவில்லை. வாழ்க்கை முழுக்க நாயும் தம்பியும் கூலிக்காரரும் பொறுக்கிக் கொடுத்த பந்து, கடைசியில் அவர் காலடியில் உருண்டு போனது. கூட்டம் முணுமுணுத்தது. தானே விலகிக்கொண்டார். 1915 ஒக்டோபரில், லண்டன் வானத்தில் செப்பலின் ஆகாயக் கப்பல்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்த நாட்களில், இறந்தார்.

போன ஆவணியில் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கச்சான் பிய்த்துக்கொண்டு அடிக்கிறது, ஸ்டோர்ப் பக்கமிருந்து கொழுந்து வாடும் மணம். பெரட்டுக் களத்தில் ஆட்டம். புதிய பொடியன்மார், அதே தகரம், அதே பீலி. நடுவராகக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? கிளாக்கரய்யாவின் மகன்! பென்ஷன் எடுத்துவிட்டான். தாடி வளர்த்திருக்கிறான், வெள்ளைத் தாடி, நெஞ்சு வரை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஒரு பொடியன் மட்டையை வீசினான். படவில்லை. நடுக்கட்டை தேயிலைப் பக்கம் பறந்தது. ஒன்பது பேரும் கத்தினார்கள். பொடியன் நகரவில்லை. குச்சியை எடுத்து வந்து நட்டான், கல்லால் இரண்டு தட்டுத் தட்டினான், நடுவரைப் பார்த்தான்.

“காத்துல விழுந்துச்சு, அங்கிள்.”

எல்லாரும் வாளியைத் திரும்பிப் பார்த்தார்கள். தாடியைத் தடவியபடி அவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

“பந்து யாரோடது?” என்று கேட்டான்.